கண்ணாடி யூனிட்டுக்கு இரண்டாவது கிரேன் தேவையா, ரேக்கை மாற்றினால் போதுமா? (சென்னை)

திருமுடிவாக்கம்_டஃபன்ட்:

எல்லோருக்கும் வணக்கம். திருமுடிவாக்கம் பக்கம் ஒரு கண்ணாடி பிராசஸிங் யூனிட்டில் புரொடக்ஷன் பார்க்கிறேன். கட்டிங், கிரைண்டிங், ஹோல், டஃபனிங் (சூடேற்றிக் காற்றடித்துக் கண்ணாடியை வலுவாக்குவது) எல்லாம் ஒரே ஷெட்டுக்குள். ஷீட் பெரும்பாலும் 3660 x 2440 எம்எம், அதாவது நம் வழக்கில் பன்னிரண்டுக்கு எட்டு. கிளியரில் 5, 6, 8, 10, 12 எம்எம் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதுபோக எக்ஸ்ட்ரா கிளியர், டின்டட், ரிஃப்ளெக்டிவ், லேக்கர்டு (ஒரு பக்கம் பெயின்ட் அடித்தது) என்று ஆர்டரைப் பொறுத்து வந்து சேரும். எந்த நேரம் பார்த்தாலும் பதினெட்டு வகைக்குக் குறையாது.

இதையெல்லாம் நிறுத்தி வைக்க ஐந்து ஏ-ஃபிரேம், அதாவது இரண்டு பக்கமும் ஷீட்டைச் சாய்த்து நிறுத்தும் A வடிவ ரேக். தூக்க ஒரே ஒரு 2 டன் ஓவர்ஹெட் கிரேன், அதில் ரப்பர் கப்பால் ஷீட்டை உறிஞ்சிப் பிடிக்கும், பேட்டரியில் ஓடும் வேக்கம் லிஃப்டர். பிரச்சினை என்னவென்றால் கட்டிங் டேபிள் சும்மா நிற்கிறது. டேபிளில் ஒரு ஷீட்டை வெட்டி முடிக்கச் சில நிமிடம்தான். அடுத்த ஷீட் வந்து படுக்க அதைவிட அதிக நேரம் ஆகிறது. "கிரேன் பிஸி" என்பதே பதில்.

முதலாளி இரண்டாவது கிரேனுக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டார். எனக்கு ஏதோ இடிக்கிறது, ஆனால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிரேன்காரன்:

முதலில் ஒரு கேள்வி. இரண்டாவது கிரேன் அதே தண்டவாளத்தில் ஓடப் போகிறதா? அப்படியென்றால் ஒன்றை ஒன்று தாண்ட முடியாது. ஒரு கிரேன் நடுவில் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றது அந்தப் பக்கம் போகவே வழியில்லை. ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்க சென்சார் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால் அந்த எடையைத் தண்டவாளம் உட்கார்ந்திருக்கும் கேன்ட்ரி பீமும் தூண்களும் தாங்குமா என்று தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். கொட்டேஷன் கொடுப்பவர்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "சிவில் மற்றும் ஸ்ட்ரக்சர் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று போட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள்.

டேபிள் பக்கத்தில் மட்டும்தான் நெரிசல் என்றால் ஒரு ஜிப் கிரேன், அதாவது கை மாதிரிச் சுழலும் சின்னக் கிரேன், தூணில் நிறுத்தினால் போதும். செலவும் குறைவு.

பழையகட்டர்:

தம்பி, கிரேன் பிஸி என்று சொல்கிறார்கள் சரி. எதில் பிஸி?

ஒரு அட்டையைக் கிரேன் ரிமோட் வைத்திருக்கும் பையனிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஷீட்டைத் தூக்கும்போதும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டேபிளுக்குப் போனால் இடது பக்கம். ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்குப் போனால், அல்லது எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தால், வலது பக்கம். ஒரு வாரம் கழித்து அட்டையைப் பாருங்கள். வலது பக்கம் நிறைந்திருந்தால் உங்களுக்குக் கிரேன் பற்றாக்குறை இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்காரர் இறங்க மூன்று பேர் எழுந்து நிற்கிற கதைதான் உங்கள் ரேக்கில் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கண்ணாடித் தொழிலில் எல்லோரும் ரேக்கை டன்னில் பேசுவார்கள். "எவ்வளவு டன் நிற்கும்?" என்பார்கள். நான் முகத்தில் கணக்குப் பார்ப்பேன். ஏ-ஃபிரேமுக்கு இரண்டு முகம். ஐந்து ஃபிரேமுக்குப் பத்து முகம். உங்களிடம் பதினெட்டு வகை. பத்து முகத்தில் பதினெட்டு வகையை நிறுத்தினால் எட்டு வகையாவது எதற்கோ பின்னால்தான் நிற்கும். அந்தக் கணக்கை எந்தக் கிரேனும் மாற்றாது. இரண்டாவது கிரேன் வந்தால் இரண்டு பேர் தோண்டுவார்கள், அவ்வளவுதான்.

ஓரகடம்_ஆட்டோ:

பழையகட்டர் சொல்வது சரி, ஆனால் தீர்வு பழைய காலத்தில் நிற்கிறது. இதற்கென்றே டிராயர் ரேக் இருக்கிறது. ஷீட்கள் செங்குத்தாக, வகைக்கு ஒரு டிராயர் என்று நெருக்கமாக நிற்கும். வேண்டிய டிராயரை மட்டும் தரைத் தண்டவாளத்தில் பக்கவாட்டில் வெளியே இழுத்து, கிரேனால் எடுத்து, திரும்பத் தள்ளிவிடலாம். ஏ-ஃபிரேம் என்றால் ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நடைபாதை விட வேண்டும். இதில் எல்லா டிராயருக்கும் சேர்த்து ஒரே நடைபாதை. அதே இடத்தில் இரண்டு மடங்கு வகை நிற்கும். அதற்கு மேல் போனால் கேன்ட்ரி லோடர். கட்டிங் சாஃப்ட்வேர் சொல்கிற வரிசைப்படி அதுவே எடுத்து டேபிளில் படுக்க வைக்கும். ஆள் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

கிரேனுக்குப் போடுகிற பணத்தை இதில் போடுங்கள் என்பேன்.

பழையகட்டர்:

டிராயர் ரேக் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் தரை மட்டம் சரியாக இருக்க வேண்டும். நம் பக்கத்து ஷெட்களில் தரையைப் பார்த்திருக்கிறீர்களா? தண்டவாளத்தில் கண்ணாடித் துகள் விழுந்தால் சக்கரம் கடிக்கும். தினமும் கூட்ட ஆள் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டிராயர்தான் திறக்கும் என்பதால் லாரி இறக்கும்போது கட்டிங் நிற்கும். இதற்கெல்லாம் தயார் என்றால் வாங்கலாம்.

ஸ்ட்ரக்சரல்_தம்பி:

தரை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. கண்ணாடி எடைக்குச் சூத்திரம் எளிது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்எம் தடிமனுக்கு, 2.5 கிலோ. சதுர அடியில் சொன்னால் ஒரு எம்எம்முக்கு ஏறக்குறைய 230 கிராம். பன்னிரண்டுக்கு எட்டு ஷீட் 12 எம்எம் என்றால் ஒன்றே 268 கிலோ. 6 எம்எம்மில் 134 கிலோ.

இப்போது 12 எம்எம் ஷீட் 25 அடுக்குங்கள். தடிமன் 30 சென்டிமீட்டர்தான், ஒரு முழ நீளம்கூட இல்லை. எடை 6.7 டன். இரண்டு பக்கமும் சேர்த்து 13 டன்னைத் தாண்டும். அது தரையில் பரவி நிற்காது, ஃபிரேமின் நான்கு காலிலோ இரண்டு குறுகிய சேனலிலோ இறங்கும். மெல்லிய பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) தரை என்றால் கால் புதைந்து ஃபிரேம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் ஷீட் நிற்கிற கோணமே மாறிவிடும். கோணம் மாறினால் என்ன ஆகும் என்று கீழே சேஃப்டி ஆட்கள் யாராவது சொல்வார்கள்.

இரண்டு பக்கமும் சமமாக ஏற்றி, சமமாக இறக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஒரு பக்கம் காலி, மறு பக்கம் நிறை என்று விட்டால் ஃபிரேமே புரளலாம்.

சேஃப்டி_ஒரகடம்:

கூப்பிட்டதால் வந்தேன். இந்த இழையில் வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2440 உயரத்தில் நிற்கும் 12 எம்எம் ஷீட் ஒன்று 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் விளிம்பை முன்னால் இழுத்துக் கவிழ்க்க எவ்வளவு பலம் வேண்டும்? ஏறக்குறைய 12 கிலோ. 268 கிலோ எடையுள்ள பொருளைக் கவிழ்க்க 12 கிலோ இழுப்பு போதும். கோணம் 3 டிகிரி ஆகிவிட்டால் 7 கிலோ. ஒரு ஃபோர்க்லிஃப்ட் லேசாக இடித்தாலே போதும். பக்கத்து ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் ஷீட்டை வேகமாகத் தூக்கினாலும் அதே கதை.

செங்குத்தைத் தாண்டி ஆள் பக்கம் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். 15 டிகிரி முன்னால் சாய்ந்த ஒரே ஷீட்டை நெஞ்சு உயரத்தில் கை கொடுத்துத் தாங்க 70 கிலோ தள்ள வேண்டும். ஐந்து ஷீட் சேர்ந்து வந்தால் 350 கிலோ. யாராலும் முடியாது. ஆனால் மனிதக் கை தானாகத் தாங்கப் போகும். அதனால் புது ஆள் வந்ததும் முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான்: விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, விலகு. விலக இடம் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. இரண்டு ரேக்குக்கு நடுவில் ஆள் சிக்கிக்கொள்கிற மாதிரி நடைபாதை விட்டால் விலகு என்று சொல்லியும் பயனில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "தோண்டுவது" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதைக் கிரேன் இல்லாத நேரத்தில் எப்படிச் செய்வார்கள் தெரியுமா? முன்னால் இருக்கும் நாலைந்து ஷீட்டை ஆட்கள் முன்பக்கமாகச் சாய்த்துத் தோளில் தாங்கிக்கொள்ள, ஒருவர் பின்னால் கையை விட்டு வேண்டிய ஷீட்டின் லேபிளைப் பார்ப்பார், அல்லது உருவுவார். கண்ணாடித் தொழிலில் ஆளைக் கொல்கிற வேலை இது. மேலே போட்ட கணக்கை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு முகத்தில் இரண்டு வகை நிறுத்தினால் இதைச் செய்ய நீங்களே தூண்டுகிறீர்கள் என்று அர்த்தம். திட்டி நிறுத்த முடியாது. தேவையே வராமல் ரேக்கை அமைக்க வேண்டும். அதனால் பழையகட்டர் ஐயா சொன்ன முகக் கணக்கு என் கணக்கும்கூட.

கிரேன், ஹூக், பெல்ட் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருக்கிற விஷயம். கொட்டேஷன் பேசும் அவசரத்தில் இருக்கிற கிரேனின் சான்று காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமுடிவாக்கம்_டஃபன்ட்:

மேடம், 12 கிலோ கணக்கைப் பிரின்ட் எடுத்து ரேக் பக்கத்தில் ஒட்டப் போகிறேன். இந்தியில் ஒன்று, தமிழில் ஒன்று. எங்கள் ஹெல்பர்களில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசா பையன்கள்.

அட்டையும் கொடுத்துவிட்டேன். பார்ப்போம்.

சேஃப்டி_ஒரகடம்:

ஒட்டுவதோடு நிற்காதீர்கள். படம் போடுங்கள். சிக்னலும் முக்கியம். கிரேன் பையன் ஒரு மொழி, ஷீட்டைப் பிடிப்பவர் ஒரு மொழி என்றால் கைச் சைகை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "நிறுத்து" சைகையை யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும்.

அம்பத்தூர்வாசி:

யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லையே. சென்னையில் கண்ணாடி வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையை மறக்க முடியுமா?

ஏ-ஃபிரேமில் கடைசியாக வந்த ஷீட் முதலில் போகும். முதலில் வந்தது ஃபிரேமின் முதுகை ஒட்டி அப்படியே நிற்கும். மேலே மேலே புது லோடு சாத்திக்கொண்டே போனால் அடியில் இருக்கும் ஷீட் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளைப் படலம், அல்லது எண்ணெய் சிந்தியது போல வானவில் நிறம். கழுவினால் போகாது.

காரணம் வேதியியல். இரண்டு ஷீட் இடுக்கில் ஈரம் இறங்கினால் வெளியே காய வழியில்லை. அந்த ஈரம் கண்ணாடியிலிருந்து சோடியத்தைக் கரைத்து எடுக்கும். கொஞ்சத் தண்ணீர், நகராத தண்ணீர் என்பதால் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும். பிஎச் 9-ஐத் தாண்டினால் சிலிக்காவையே அரிக்கத் தொடங்கும். ஷீட் வெளியில் தனியாக நின்று மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் ஓடிவிடும். அடுக்கி வைத்ததுதான் கெடும். கம்பெனியிலிருந்து வரும்போது இடையில் தூவியிருக்கும் பவுடர் சும்மா இல்லை. ஷீட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் இடைவெளி வைக்கிற நுண் மணிகளும், காரத்தை அடக்குகிற லேசான அமிலமும் அதில் இருக்கும். நம் ஆட்கள் ஷீட்டை இடம் மாற்றும்போது அது பாதி கொட்டிவிடும். அப்புறம் பழைய நியூஸ்பேப்பரைச் செருகுவார்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆற அமர அரிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் தெரியும். ரேக்கின் அடிக்கட்டை வரை தண்ணீர் ஏறிய இடங்களில் அடுக்கின் கீழ் விளிம்பு மட்டும்தானே நனைந்தது என்று விட்டவர்களுக்குத் தண்ணீர் இடுக்கு வழியாக மேலே ஏறியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் அடுக்கைப் பிரித்து, ஷீட் ஷீட்டாகக் கழுவிக் காய வைத்தவர்கள்தான் தப்பித்தார்கள்.

பழையகட்டர்:

இதற்கும் முகம்தான் மருந்து. அதிகம் ஓடும் சரக்குக்கு இரண்டு முகம் ஒதுக்குங்கள். ஒன்றிலிருந்து மட்டும் எடுங்கள். புது லோடு மற்றதில் மட்டும் ஏறட்டும். முதல் முகம் முழுசாகக் காலியான பிறகுதான் மாற்ற வேண்டும். பழையது தானாக வெளியே போய்விடும். யாரும் தேதி பார்த்துத் தேட வேண்டியதில்லை.

லோ_இ_லவர்:

சாஃப்ட் கோட் லோ-இ (வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய கோட்டிங் உள்ள கண்ணாடி) வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: பேக் பிரிக்காத வரைதான் அது பத்திரம். பிரித்த பிறகு ஈரக் காற்று கோட்டிங்கைத் தின்ன ஆரம்பிக்கும். ஷட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். சீக்கிரம் முடிக்க முடிகிற அளவுக்குப் பிரியுங்கள்.

ஃபர்னஸ்_நைட்ஷிஃப்ட்:

நீங்கள் எல்லோரும் பெரிய ஷீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ராத்திரி எனக்கு வருகிற கஷ்டம் வேறு. வெட்டிய பீஸ்கள்.

கட்டிங் சாஃப்ட்வேரின் ஆப்டிமைசேஷன் என்ன செய்கிறது? ஒரு ஷீட்டில் வேஸ்டேஜ் குறையப் பத்துப் பார்ட்டியின் பீஸ்களைக் கலந்து வெட்டுகிறது. வெட்டி முடிந்ததும் எல்லாம் ஒரே டிராலியில் சாய்கிறது. முன்னால் பாத்ரூம் கதவு, பின்னால் டேபிள் டாப், நடுவில் யாரோ ஒருவருடைய ஷெல்ஃப். கிரைண்டிங் ஆள் தனக்கு வேண்டியதை எடுக்க எல்லாவற்றையும் புரட்டுகிறார். ஹோல் போட இன்னொரு புரட்டு. ஃபர்னஸ் ஏற்ற ஒரே தடிமன் பீஸ்களைச் சேர்க்க இன்னொரு புரட்டு. ஒரு 8 எம்எம் பீஸ் காணவில்லை என்று ஷெட் முழுக்க டார்ச் அடித்துத் தேடியிருக்கிறோம். கடைசியில் பெரிய பீஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு புரட்டிலும் விளிம்பு எங்கோ தட்டும். சின்னச் சிப் கண்ணுக்குத் தெரியாது. ஃபர்னஸுக்குள் போய் 620 டிகிரிக்கு மேல் சூடேறி, வெளியே வந்து காற்றடிக்கும்போது அந்த இடத்திலிருந்து வெடிக்கும். அப்புறம் "ஃபர்னஸ்காரன் உடைத்துவிட்டான்" என்று பெயர்.

இதற்கு ஹார்ப் ரேக் வேண்டும். சக்கரம் வைத்த ஃபிரேம், அதில் செங்குத்தாக பிவிசி உறை போட்ட கம்பிகள், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பீஸ் மட்டும் நுழையும். ஒவ்வொரு இடுக்குக்கும் நம்பர். கட்டிங் லேபிளில் அந்த நம்பரும் பிரின்ட் ஆக வேண்டும். 27-ஆம் பீஸ் வேண்டுமா, 27-இல் கை வைத்து எடு. மற்ற எதையும் தொட வேண்டாம். நாங்கள் ஒரு பழைய ஹார்ப் ரேக்கை வாங்கிக் கம்பி மட்டும் மாற்றினோம். தேடுகிற வேலையே நின்றுவிட்டது.

ஓரகடம்_ஆட்டோ:

பார்கோடும் வைத்தால் எந்த பீஸ் எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்று ஆபீசில் இருந்தே பார்க்கலாம்.

ஃபர்னஸ்_நைட்ஷிஃப்ட்:

பார்க்கலாம், லேபிள் கிரைண்டிங் தண்ணீரில் நனைந்து உதிராமல் இருந்தால். முதலில் தண்ணீர் தாங்கும் ஸ்டிக்கருக்கு ஆர்டர் போடுங்கள் சார், அப்புறம் சாஃப்ட்வேர்.

டிராலியில்தான் அடுக்கியாக வேண்டும் என்றால் பெரிய பீஸ் முதலில், சின்னது அதன் மேல். தலைகீழாகச் சாய்த்தால் சின்னதன் மூலை பெரியதன் முகத்தில் கோடு போடும். டிராலியின் அடிக்கட்டை முதுகுச் சட்டத்துக்கு 90 டிகிரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதுகு சாய்ந்து, அடி மட்டும் தரைக்குச் சமமாக இருந்தால் ஷீட் முழு விளிம்பில் நிற்காது. ஓரத்தில் குத்தி நிற்கும். சிப் அடிப்பதில் பாதி அங்கேதான்.

கிரேன்காரன்:

வேக்கம் லிஃப்டர் பற்றியும் ஒரு வார்த்தை, யாரும் தொடவில்லை. இடையில் தூவிய பவுடர் கப்பின் உதட்டில் ஒட்டும். தினமும் காலையில் துடைக்க வேண்டும். ரப்பர் நம் வெயிலுக்குச் சீக்கிரம் இறுகி வெடிக்கும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13155-இன்படி லிஃப்டர் தன் அனுமதிக்கப்பட்ட எடையைப் போல இரண்டு மடங்கைப் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் அது சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக்கு. செங்குத்தாகப் பிடிக்கும்போது ஷீட்டை நழுவாமல் நிறுத்துவது உராய்வு. கண்ணாடி ஈரமாக இருந்தால் அந்த உராய்வு சரிந்துவிடும். மழைக் காலத்தில் லாரியிலிருந்து இறக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். டிசைன் போட்ட கண்ணாடியில் கப் நிற்பதே சந்தேகம், கசியும்.

பேட்டரி தீர்ந்தால், பம்ப் நின்றால்? நல்ல லிஃப்டரில் காற்று திரும்ப நுழையாமல் தடுக்கும் செக் வால்வும் ரிசர்வ் டேங்கும் இருக்கும், வேக்கம் இறங்கினால் அலாரம் கத்தும். உங்களுடையதில் கத்துகிறதா என்று ஷீட் தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

அம்பத்தூர்வாசி:

எங்கள் பக்கம் ஒரு யூனிட்டில் அந்த அலாரம் தொந்தரவாக இருக்கிறது என்று வயரைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

சேஃப்டி_ஒரகடம்:

ஆச்சரியப்படவில்லை.

திருமுடிவாக்கம்_டஃபன்ட்:

அட்டை வந்துவிட்டது. பழையகட்டர் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே. கிரேன் தூக்கியதில் பாதிக்கு மேல் வலது பக்கக் கோடு. குறிப்பாக எக்ஸ்ட்ரா கிளியர் 8 எம்எம் எப்போது கேட்டாலும் அதற்கு முன்னால் 10 எம்எம் கிளியர் மலை மாதிரி நிற்கிறது. முதலாளியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அப்போ என்னதான் பண்ணணும்?" என்றார்.

இன்னும் எட்டு முகமாவது வேண்டும். இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை. சுவர் ஓரம் முழுக்க மிச்சத் துண்டுகள் சாய்த்து வைத்திருக்கிறோம். எப்போதாவது உதவும் என்று சேர்த்தது.

பழையகட்டர்:

இடம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் துண்டுகளின் அளவும் இடமும் கட்டிங் சாஃப்ட்வேரில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை அவை இல்லை, புது ஷீட்டைத்தான் வெட்டும். ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருந்தால் அன்றைக்கே கலெட் (மறுபடி உருக்கப் போகும் உடைசல்) தொட்டி. மேலே இருந்தால் அளவு எழுதி, நம்பர் போட்ட இடுக்கில். கலெட்டை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். லேமினேட்டட், மிரர், லேக்கர்டு கலக்காமல் பிரித்துப் போட்டால் விலையும் கிடைக்கும்.

சுவர் காலியானால் ஏ-ஃபிரேம் வேண்டாம். எல்-ஃபிரேம், ஒரு முகம் மட்டும், முதுகு சுவர் பக்கம்.

கட்சைஸ்_வியாபாரி:

இன்னொரு வழி. மெதுவாக ஓடும் வகைகளைப் பன்னிரண்டுக்கு எட்டில் வாங்காதீர்கள். எட்டுக்கு ஆறு, அதாவது 2440 x 1830-இல் வாங்குங்கள். சரியாகப் பாதி. 1830 பக்கத்தை அடியில் வைத்து நிறுத்தினால் 3660 நீள முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடுக்கு நிற்கும். உயரம் அதே 2440. ஒரே முகம், இரண்டு வகை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று இல்லை. எடையும் பாதி என்பதால் தூக்குவது எளிது.

பழையகட்டர்:

இது எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை. ஆனால் பெரிய பேனல் ஆர்டர் வந்தால் அந்த ஷீட்டில் வராது, வேஸ்டேஜும் கொஞ்சம் ஏறும். லேக்கர்டு, ஃப்ராஸ்டட் மாதிரி சின்னச் சின்ன பீஸ் போகிறவற்றுக்குப் பொருந்தும்.

ஓரகடம்_ஆட்டோ:

நீங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டிராயர் ரேக்கையே கையால் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். :) வகை இன்னும் கூடினால் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். ஜம்போ ஷீட் வாங்கும் நாள் வந்தாலும் இதெல்லாம் உதவாது.

ஸ்ட்ரக்சரல்_தம்பி:

ஜம்போ 6000 x 3210. 12 எம்எம்மில் ஒன்று 578 கிலோ. டேபிள், ரேக், கிரேன் உயரம், ஷட்டர் அகலம் எல்லாம் மாற வேண்டும். அது வேறு ஷெட், வேறு பட்ஜெட். இப்போதைக்கு விடலாம்.

எல்-ஃபிரேம் விஷயத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எடை என்பதால் அது தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள். ஆங்கர் போல்ட் போட வேண்டும். போல்ட் பிடிக்க கான்கிரீட்டில் ஆழம் இருக்கிறதா என்று ஓரிடத்தில் துளை போட்டுப் பாருங்கள். ஷெட் சுவரில் சாய்க்கவே கூடாது, செங்கல் சுவர் பக்கவாட்டு எடைக்குக் கட்டியதல்ல. வெல்டரிடம் கண்ணளவில் விட்டுவிடாமல், நிற்கப் போகும் டன்னைச் சொல்லி ஒரு இன்ஜினியரிடம் டிராயிங் வாங்கி அதன்படி செய்யுங்கள். எவ்வளவு எடை, எந்த வகை என்று ஒவ்வொரு முகத்திலும் பெயின்ட்டில் எழுதுங்கள்.

அம்பத்தூர்வாசி:

செய்வதுதான் செய்கிறீர்கள், அடிக்கட்டையைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்துங்கள். திருமுடிவாக்கத்திலும் அந்த டிசம்பரில் தண்ணீர் வந்தது.

கிரேன்காரன்:

உயர்த்தலாம், ஆனால் எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு ஹூக்கும் மேலே ஏற வேண்டும். ஷீட்டின் அடி கட்டையை விட்டு விலகி வெளியே வர இடம் வேண்டும் அல்லவா? லிஃப்டரின் உயரம், செயின் எல்லாம் கழித்து உங்கள் கிரேனில் எவ்வளவு மிச்சம்? பழைய ஷெட்களில் அங்கேதான் மாட்டும். இடிக்கிறது என்றால் லிஃப்டரின் கழுத்தைக் குட்டையாக்க முடியுமா என்று கேளுங்கள்.

திருமுடிவாக்கம்_டஃபன்ட்:

இரண்டாவது கிரேன் கொட்டேஷனை முதலாளி டிராயரில் போட்டுவிட்டார், கிழிக்கவில்லை. துண்டுகளை அப்புறப்படுத்தும் வேலை இந்த ஞாயிறு. ஹார்ப் ரேக் இரண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நைட்ஷிஃப்ட் அண்ணா, கம்பி எங்கே மாற்றினீர்கள் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். ஹூக் உயரத்தை நாளை டேப் வைத்து அளந்துவிட்டுப் போடுகிறேன். அதைப் பார்த்துத்தான் கட்டை ஓர் அடியா, அரை அடியா என்று முடிவு செய்ய வேண்டும்.